வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்

பல் மருத்துவ மாணவர்களுக்கு மனநலப் பாடம் எடுக்கப் போன முதல் வருடம், என் வகுப்பு படுதோல்வி. மருத்துவ மாணவர்களுக்கென்று ஏற்கனவே செய்துவைத்திருந்த ஸ்லைடுகளில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மனச்சிதைவின் அறிகுறிகள், மனச்சோர்வின் அறிகுறிகள், இருமுனைக் கோளாறு, ஆளுமைக் கோளாறுகளின் வகைகள். போதாததற்கு அது சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையைக் கற்றிருந்தாள்.

கடைசியில் "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "தப்பா நினைக்காதீங்க மேடம். இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? நாங்க பல்லைத்தானே பார்க்கப்போறோம்?"

உடலும் மனமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று ஏதோ சொல்லி வைத்தேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற, எதற்கும் உதவாத பதில். அவன் பணிவாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அந்தத் தலையாட்டல் ராத்திரி வரைக்கும் என்னைக் குடைந்தது. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மனநல மருத்துவரான என் அறைக்குள் நடப்பது. அவன் அறைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பல் மருத்துவமனைக்குள் நான் போனதெல்லாம் நோயாளியாகத்தான், அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று பல் புறநோயாளிகள் பிரிவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வாரம், தினமும் காலையில் இரண்டு மணி நேரம்.

முதலில் கண்ணில் பட்டது வேகம். நோயாளி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே நாற்காலி சாய்கிறது, விளக்கு முகத்துக்கு நேரே வருகிறது, "வாயைத் திறங்க" என்கிறார்கள். அதற்குப் பிறகு அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. நம் மொழியில் வாயைத் திறப்பதற்கு இரண்டு பொருள் உண்டு. "எவ்வளவு கேட்டும் அவன் வாயே திறக்கலை" என்று ஒருவர் சொன்னால் அது பல் மருத்துவரின் புகார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அந்த அறையில் நடக்கும் விசித்திரமே இதுதான்: ஒரு பொருளில் வாய் திறந்த மறு நொடி, இன்னொரு பொருளில் அது மூடிக்கொள்கிறது. என் அறையில் நேர் எதிர். நோயாளி அரை மணி நேரம் பேசுவார். அவர் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. (இதற்கு அப்புறம் வருகிறேன்.)

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது ஒரு கேஸ் ஷீட். நடுவயதுக்காரர். அன்றைக்கு மாணவர் எழுதியது: "வாய்ச் சுத்தம் மோசம்." அதே தாளில் எட்டு மாதத்துக்கு முந்தைய பதிவு: "வாய்ச் சுத்தம் நன்று." இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் பல் துலக்குவதையே விட்டிருக்கிறார். காலையில் எழுந்து முகம் கழுவிப் பல் தேய்ப்பது என்ற, யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம் அவருக்கு மலையாகிப் போயிருக்கலாம். மனச்சோர்வு பல சமயம் அப்படித்தான் தொடங்கும். இடையில் என்ன ஆயிற்று என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் இருக்கும் கட்டங்களையெல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தார்.

மூன்றாவது எனக்குக் கொஞ்சம் பொறாமை தந்த விஷயம். என்னிடம் வருவதற்கு ஒருவர் வருடக்கணக்கில் தயங்குகிறார், வந்தாலும் முகத்தை மறைத்துக்கொண்டு வருகிறார். பல் மருத்துவரிடம் போவதை யாரும் யாரிடமும் மறைப்பதில்லை. என் வாசலை மிதிக்கவே போகாதவர்கள் எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்.

அடுத்த வருடம் ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பல்லிலிருந்து தொடங்கினேன்.

முதல் வகுப்பில் ஒரே ஒரு படம். மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், அண்ணத்தைப் பார்த்த பக்கம். எனாமல் கரைந்து வழவழவென்று மின்னுகிறது, உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரிகிறது. கீழ்ப்பற்கள் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கின்றன. "என்ன இது?" என்றேன். தூங்குகிறவர்கள் யாரும் இல்லை. அமில அரிப்பு என்று நாலு பேர் சொன்னார்கள். அமிலம் எங்கிருந்து வந்தது? குளிர்பானம் என்றது ஒரு குரல். வெளியிலிருந்து வரும் அமிலம் பெரும்பாலும் பற்களின் வெளிப்புறத்தையும் தொடுமே? கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: "உள்ளேயிருந்து வருது மேடம். வாந்தி. கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாத்திடுது."

அங்கிருந்து புலிமியாவுக்கு வந்தோம். அளவுமீறி உண்பதும், பிறகு தானே வரவழைத்து வாந்தி எடுப்பதும் மாறி மாறி வரும் இந்த நோய்க்கு 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர்தான் பெயரும் வரையறையும் கொடுத்தார். விரலைத் தொண்டைக்குள் விட்டு விட்டு, பல் பட்டுப் பட்டு விரல் முட்டிகளில் காய்ப்பு ஏறுவதையும் அவர் குறித்துவைத்தார். அந்தக் காய்ப்பை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். சிலருக்குக் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி முகம் கொஞ்சம் சதுரமாகத் தெரியும். இந்த நோயில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும். முதலில் பார்க்கும் வாய்ப்பு பல் மருத்துவருக்குத்தான்.

கண்டுபிடிப்பது எளிது. அதைப் பற்றி எப்படிப் பேசுவது? நானே நோயாளியாக நடித்தேன். முதல் மாணவர் நேராக, "நீங்க சாப்பிட்டதை வாந்தி எடுக்கறீங்களா?" என்றார். "இல்லை" என்றேன். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது, வகுப்பு சிரித்தது. இரண்டாமவர் என்னை விட்டுவிட்டு, துணைக்கு வந்த அம்மாவாக நடித்தவரிடம் கேட்டார். ரகசியம் என்னவோ அந்த அம்மாவிடமிருந்துதான் மறைக்கப்படுகிறது! மூன்றாமவர் பதற்றத்தில் பல் துலக்கும் முறை பற்றிப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் தெரிந்ததைப் பேசுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நானும் முதல் வருடம் அதைத்தானே செய்தேன்.

நாலாவதாக வந்த பெண் முதலில் நாற்காலியை நிமிர்த்தினாள். முகக்கவசத்தை இறக்கினாள். என் கழுத்தில் மாட்டியிருந்த காகிதத் துண்டை எடுத்துவிட்டு, தன் ஸ்டூலை என் கண் மட்டத்துக்குத் தாழ்த்தினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "இந்த இடத்துல பல் இப்படித் தேயறதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கு. புளிப்பான பானங்கள், நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி, சில மாத்திரைகள். இதுல எது உங்களுக்குப் பொருந்தும்னு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கே சொல்லணும்னு இல்லை. அடுத்த தடவை நீங்க தனியா வந்தாலும் பேசலாம்."

அப்போது நான் நடித்துக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது. சொல்லிவிடலாம் போல இருந்தது.

ஒருவேளை அந்த நோயாளி ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்தது. குணப்படுத்துவது உங்கள் வேலை கிடையாது. சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்க வேண்டாம், மிருதுவாகிப்போன எனாமல் அதில் இன்னும் உரிந்துபோகும். தண்ணீரிலோ சமையல் சோடா கலந்த தண்ணீரிலோ கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஃப்ளோரைடு கொடுங்கள். இதைப் பற்றிப் பேச ஒருவரைத் தெரியும், சேர்த்துவிடட்டுமா என்று கேளுங்கள். "அதை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் பல்லைப் பார்க்கலாம்" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பெரிய செலவு வைக்கும் கேப் வேலைகளை வாந்தி கட்டுக்குள் வந்த பிறகு செய்வது சரி. பாதுகாப்பும் வலி நிவாரணமும் அன்றைக்கே கிடைக்க வேண்டும்.

இரண்டாவது வகுப்பு தாடை மூட்டு வலியும் பல் நெறிப்பதும். இதில் எனக்கு வேலையே குறைவு. "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மொழிக்காரர்களுக்கு, பொறுமைக்கும் தாடைக்கும் என்ன தொடர்பு என்று நான் விளக்க வேண்டுமா என்ன? ஆனால் மாணவர்களுக்கு ஆச்சரியம் தந்தது வேறு. தாடை மூட்டுக் கோளாறுகளுக்காக 1992இல் வகுக்கப்பட்டு, 2014இல் திருத்தி வெளியான நோயறியும் முறையில் இரண்டு அச்சுகள் இருக்கின்றன. முதல் அச்சு தசையும் மூட்டும். இரண்டாவது அச்சு முழுக்க மனநிலையும் வலியால் வாழ்க்கை முடங்கும் அளவும்தான்; மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நாங்கள் பயன்படுத்தும் அதே கேள்வித்தாள்கள் அதில் உண்டு. "இது எங்க புத்தகத்திலேயே இருக்கா?" என்றான் ஒருவன். இருக்கிறது. தேர்வுக்கு முதல் அச்சைத்தான் கேட்பார்கள் என்பதால் இரண்டாவதை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

(மன அழுத்தம் மட்டும் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தூக்கத்தில் பல் நெறிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, நாங்கள் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளே சிலருக்கு அதை வரவழைக்கும்.)

மூன்றாவது வகுப்பில் ஒரு கதை சொல்வேன். எல்லாவற்றுக்கும் மனம்தான் காரணம் என்று மாணவர்கள் நம்பத் தொடங்கும் வேளையில் அந்த வண்டியை நிறுத்துவதற்கு.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து டிரென்டன் நகரில் ஒரு பெரிய அரசு மனநல மருத்துவமனை. 1907இல் ஹென்றி காட்டன் அதன் தலைவராக வந்தார். கொடுமைக்காரர் என்று தொடங்கிவிட முடியாது. நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தை ஒழித்தவர், ஐரோப்பாவின் பெரிய ஆசிரியர்களிடம் படித்தவர். அந்தக் காலத்தில் உடலின் ஏதோ ஒரு மூலையில் பதுங்கியிருக்கும் சீழ்தான் பல நோய்களுக்கு வேர் என்ற கருத்து மருத்துவ உலகில் செல்வாக்காக இருந்தது. காட்டன் அதைப் பைத்தியத்துக்கும் நீட்டினார். சீழ் எங்கே இருக்கும்? முதலில் பல்லில். ஆகவே பிடுங்கு. நோயாளிகளின் பற்கள் ஆயிரக்கணக்கில் பிடுங்கப்பட்டன. பல்லைப் பிடுங்கியும் குணமாகவில்லை என்றால் டான்சில். அதற்கும் மசியவில்லை என்றால் குடல். குடல் அறுவைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள். காட்டனோ தன்னிடம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1920களில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற இளம் மனநல மருத்துவர் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து அந்தக் கணக்குகள் நிற்காது என்று அறிக்கை கொடுத்தார். அவரை அனுப்பிய அடால்ஃப் மேயர், அன்றைய அமெரிக்க மனநல மருத்துவத்தின் பெரிய மனிதர், அந்த அறிக்கையை வெளியே விடவில்லை. காட்டன் 1933இல் இறந்தார். தன் கொள்கையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தன் பற்களையும் தன் பிள்ளைகளின் பற்களையும்கூட எடுக்க வைத்தவர்.

இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும். ஒரு வருடம் ஒரு மாணவர் கேட்டார்: "அந்தப் பல்லையெல்லாம் பிடுங்கினது யார் மேடம்?" பல் மருத்துவர்கள்தான். யாரும் மறுக்கவில்லையா? எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வியை அப்படி நேராக என் துறையில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் காட்டனைப் பற்றித்தான் பேசுவோம். கொறடு யார் கையில் இருந்தது என்று யோசிக்க ஒரு பல் மருத்துவ மாணவர் வேண்டியிருந்தது.

அந்தக் கொறடு இன்றும் இதே கேள்வியோடுதான் இருக்கிறது. முக நரம்பு வலி வந்தவர் "இந்தப் பல்தான், இதை எடுத்துடுங்க" என்று கெஞ்சுவார், எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. எடுத்தால் வலி பக்கத்துப் பல்லுக்கு நகரும். அதையும் எடு என்பார். இன்னொருவருக்குக் கடிப்பு சரியாகவே இருக்கும், அவருக்கு மட்டும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவில்லை என்றே தோன்றிக்கொண்டிருக்கும்; தேய்க்கத் தேய்க்க ஆள் மாறி ஆளாகப் பல் மருத்துவர்களிடம் அலைவார், பழைய மாடல் அச்சுகளை ஒரு பையில் போட்டுச் சுமந்துகொண்டு. வேறொருவர் கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நின்று, யாருக்கும் தெரியாத ஒரு கோணலை முன்பல்லில் கண்டுபிடித்துவிட்டு வருவார். நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்துகொடுத்தாலும் அவருக்கு நிறைவு வராது. இவர்களில் முதலாமவருக்கு நரம்பியல் மருத்துவர் தேவை, மற்ற இருவருக்கும் என்னைப் போன்றவர்கள் உதவலாம். மூவருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது, கையில் கொறடு இருந்தும் அதைக் கீழே வைக்கத் தெரிந்த ஒரு பல் மருத்துவர். "உங்க வலி பொய்னு நான் சொல்லலை. ஆனா இந்தப் பல்லை எடுத்தா அது போகும்னு எனக்கு நம்பிக்கை இல்லை." இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதற்கு நாங்கள் ஒரு முழு மணி நேரம் பயிற்சி செய்வோம். முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்பவர்களே அதிகம்.

மருந்துகள் பற்றிய வகுப்பு மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், தேர்வில் எழுத வசதியானது என்பதால். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்குப் பல் பிடுங்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் ஐபுப்ரோஃபென் எழுதினால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து, ரத்தத்தில் அது நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம்; மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் அந்த வேலையைச் செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மனச்சிதைவுக்கு குளோசபின் எடுப்பவருக்கு இரவில் தலையணை நனையும் அளவு எச்சில் ஊறும். அவருக்கே காய்ச்சலோடு வாயில் புண் வந்தால், அந்த மருந்து ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்திருக்கலாம் என்பதால், அன்றே அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய மனச்சோர்வு மாத்திரைகளான டிரைசைக்ளிக் எடுப்பவருக்கு அட்ரினலின் கலந்த ஊசி போடும்போது அளவைக் குறைத்து, நிதானமாகப் போட வேண்டும். நாக்கும் உதடும் தானாக அசையும் டார்டிவ் டிஸ்கைனீசியா வந்தவருக்குப் பல் செட் வாயில் நிற்பதே பெரும்பாடு.

அப்புறம் வாய் வறட்சி. நாங்கள் எழுதும் மருந்துகளில் பாதிக்கு மேல் அதைச் செய்பவை போலத் தோன்றும் எனக்கு. எச்சில் குறைந்தால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. வறட்சி தாங்காமல் நோயாளி நாள் முழுக்க இனிப்பு மிட்டாயும் இனிப்புப் பானமுமாக வாயை நனைத்துக்கொண்டிருப்பார். ஈறை ஒட்டிச் சொத்தை விழும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் எல்லாப் பற்களையும் இழப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிய அன்று எனக்குள் ஒரு முகம் வந்து நின்றது. அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பல வருடமாக மனச்சிதைவுக்கு என்னிடம் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். அதிகம் பேசமாட்டார். ஒரு கட்டத்தில் மெலிந்துகொண்டே போனார். "சாப்பாட்டில் நாட்டமில்லை" என்று குறிப்பில் எழுதினேன். மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது என்று ஒரு மாத்திரையைக் கூட்டினேன். அதுவும் வாயை உலர்த்துவதுதான். எதிரில் உட்கார்ந்து மாதாமாதம் பேசியிருக்கிறேன், அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதைக் கூச்சம் என்று நினைத்திருக்கிறேன்.

பல் மருத்துவ மாணவர்களை எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்து ஒரு நாள் பரிசோதனை முகாம் போல நடத்தினோம். அவரைப் பார்த்த மாணவி என்னிடம் வந்து, ஒரு குறையும் சொல்லாத குரலில் சொன்னாள்: "மேடம், இவருக்குக் கடிக்கிறதுக்குப் பல்லே இல்லை. மிச்சம் இருக்கற வேர் நாலும் சீழ் வெச்சிருக்கு. பசிக்குதுன்னுதான் சொல்றார்."

பசிக்கிறது என்றுதான் சொன்னார். அத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவர் ஏன் அதிகம் பேசுவதில்லை என்பதற்கும் நான் ஒரு பெரிய கலைச்சொல் வைத்திருந்தேன்.

மனநலம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் பாடம் யாருக்கு நடந்தது என்பதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. அதற்குப் பிறகு இந்த வகுப்பை ஒருவழிப் பாதையாக நடத்துவதில்லை. என் துறைப் பயிற்சி மருத்துவர்களும் வந்து அமர்கிறார்கள். பல் மருத்துவ மாணவர்கள் அவர்களுக்கு வாய்க்குள் எதைப் பார்ப்பது என்று காட்டுகிறார்கள்.

இன்னொரு வகுப்பில் வந்த கேள்வியைச் சொல்ல வேண்டும். "பல்லை எடுக்க வந்தவர்கிட்ட, 'சாகணும்போல இருக்கா'ன்னு எப்படி மேடம் கேக்கறது?" சிலர் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரிடமும் கேட்க வேண்டாம் என்றேன். ஆனால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். "இனிமே இந்தப் பல்லைச் சரி பண்ணி என்ன ஆகப்போகுது டாக்டர்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பாதிப் பேருக்கு அது வெறும் அலுப்பு. மீதிப் பேருக்கு இல்லை. "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, கையில் இருக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். தேவைப்பட்டால் நேராகவே கேளுங்கள். கேட்பதாலேயே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் அப்படி நடப்பதாகக் காணவில்லை, பலருக்குப் பாரம் இறங்கியதாகத்தான் கண்டார்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், மூத்தவரைக் கூப்பிடுங்கள், யாரிடம் அனுப்புவது என்ற எண் அந்த அறைச் சுவரில் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மாணவர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பல் மருத்துவப் பயத்தை அளக்க நார்மன் கோரா என்பவர் 1969இல் நாலே கேள்விகளில் ஓர் அளவுகோல் செய்தார். 1995இல் ஹம்ஃப்ரிஸும் அவர் குழுவினரும் அதில் ஊசி பற்றி ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். 25க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம். நோயாளிக்குக் கொடுக்கும் முன் நீங்களே நிரப்பிப் பாருங்கள் என்று தாளை நீட்டினேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். திரும்பி வந்த தாள்களில் இரண்டு 19ஐத் தாண்டியிருந்தன. பல் மருத்துவர் ஆகப்போகிற இரண்டு பேர்! யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

அவர்கள் பயம் ஊசி மட்டுமல்ல. இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும், இத்தனை ரூட் கனால் முடித்திருக்க வேண்டும் என்ற கோட்டா தலைக்கு மேல் தொங்குகிறது. நோயாளி வராமல் போனால் இவர்களுக்கு மார்க் போகிறது. விழித்திருக்கும் ஒரு மனிதரின் வாய்க்குள், அவர் கண் பார்த்துக்கொண்டிருக்க, சுழலும் கருவியோடு கை நுழைய வேண்டும். பின்னால் ஆசிரியர் நிற்கிறார். மற்ற மருத்துவ மாணவர்களுக்கு இந்த வயதில் இப்படி ஒரு நிலைமை வருவதில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒருத்தி பையை மிக மெதுவாக அடுக்கிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் வெளியே போன பிறகு, "என் ரூம்மேட் ஒருத்திக்கு..." என்று ஆரம்பிப்பாள். நான் அந்த ரூம்மேட்டைப் பற்றியே பேசுவேன். முன்பெல்லாம் நானே உட்கார்ந்து முழுக்கக் கேட்பேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. நான் அவளுக்கு இன்டர்னல் மார்க் போடுபவள். மார்க் போடும் கையிடம் மனதைத் திறந்து வைக்கச் சொல்வது நியாயமே இல்லை. கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் எண்ணைக் கொடுத்து, வேண்டுமானால் அங்கேயே போன் போட்டுத் தருவேன். நான் பார்த்த ஒரு கல்லூரியில் ஆலோசனை அறையை முதல்வர் அறைக்கு நேரெதிரே, கண்ணாடிக் கதவோடு கட்டியிருந்தார்கள். வருடம் முழுக்க ஒருவரும் வரவில்லை, ஆகவே தேவையில்லை என்று அடுத்த வருடம் அது கிடங்கானது.

அவர்களுக்கு ஹொரேஸ் வெல்ஸ் பற்றியும் சொல்வேன். வலியில்லாமல் பல் எடுக்க வழி தேடிய பல் மருத்துவர். 1844 டிசம்பரில் சிரிப்பூட்டும் வாயுவைத் தானே முகர்ந்து, தன் கடைவாய்ப்பல்லை எடுக்கச் சொல்லிப் பரிசோதித்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் எல்லோர் முன்னிலும் செய்து காட்டியபோது நோயாளி முனகிவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கூச்சலிட்டார்கள். அந்த அவமானத்திலிருந்து அவர் மீளவில்லை. பிறகு குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையாகி, நிலைகுலைந்து, 33 வயதில் 1848இல் சிறையில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். மற்றவர் வலியைப் போக்குவதே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வலியைக் கேட்க அன்று யாரும் இல்லை. பல் மருத்துவர்களிடையே தற்கொலை மற்ற எல்லாத் தொழில்களையும்விட அதிகம் என்று அடிக்கடி சொல்வார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது, மாணவர்களிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. வெல்ஸ் போதும்.

என் மேசை இழுப்பறையில் இப்போது ஒரு சின்ன டார்ச்சும், மரக்குச்சிகள் ஒரு டப்பாவும் இருக்கின்றன. மருந்து எழுதுவதற்கு முன் வாயைக் காட்டச் சொல்கிறேன். போன வாரம் ஒருவர், பத்து வருடமாக என்னிடம் வருபவர், வாயைத் திறப்பதற்குப் பதில் என்னையே சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க மனசுக்குப் பார்க்கிற டாக்டர்தானே? இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

நான் டார்ச்சை அணைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகள் எச்சிலை என்ன செய்கின்றன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார். ராத்திரி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரொம்ப நாளா. பல் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுன்னு நினைச்சேன்."